சான்றிதழும் சாட்சியும்



ஒரே ஞாயிற்றுக்கிழமையில் என்னிடம் இரண்டு கேள்விகள் வந்து சேர்ந்தன. காலையில் வந்த கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. மாலையில் வந்த கேள்வியைக் கேட்ட பின்னரே, இரண்டிற்கும் விடை ஒன்றுதான் என்பது மெல்லப் புலப்பட்டது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இம்மாத மடலை எழுதுகிறேன்.

காலைத் திருப்பலி முடிந்து, திருவுடைகளைக் களைந்து வெளியே வருகையில், ஒரு தாய் துணிப்பையுடன் காத்திருந்தார். பையினுள் ஐந்து கிலோ அரிசிப் பொட்டலம் ஒன்று இருந்தது. ஆவடிப் பக்கத்தில் ஒரு பெரிய கடையில் வாங்கியதாம். அதன்மேல் பச்சை இலை ஒன்றின் படமும், 'ஆர்கானிக்' என்ற சொல்லும் அச்சிடப்பட்டிருந்தன.

"சாமி, வழக்கமாக வாங்கும் அரிசியைவிட ஏறத்தாழ இருமடங்கு விலை கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு மருந்து அடிக்காத சோறு போடலாமே என்று ஆசைப்பட்டேன். ஏமாந்துவிட்டாய் என்கிறார் வீட்டுக்காரர். இது உண்மையா, பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டார்.

நான் குருமடத்தில் மெய்யியல் கற்றேன், இறையியல் கற்றேன். அரிசிப் பையைப் படித்தறியக் கற்கவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன், அம்மா" என்று அனுப்பி வைத்தேன்.

மாலையில் பெரியவர் ஒருவர் வந்தார். பாக்கம் செல்லும் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நிலத்தில் பாடுபடும் உழவர். நல்ல முடிவு எடுக்க வரம் வேண்டித் தமக்காக ஒரு பூசை வைக்க வேண்டும் என்றார். என்ன முடிவு என்று வினவினேன். மனை பிரித்து விற்கும் தரகர் ஒருவர் முன்பணத்துடன் வந்து போகிறாராம். "நான்கு வருடமாக யூரியா போடாமல் நெல் விளைவிக்கிறேன், சாமி. மண்டிக்குக் கொண்டு போனால், எடை போட்ட அடுத்த நிமிடம் என் நெல்லும் அடுத்தவர் நெல்லும் ஒரே குவியலாகிவிடுகின்றன. விலையும் ஒன்றே. பின் எதற்காக இந்தப் பாடு? நிலத்தை விற்றுவிடலாமா என்று மனம் தடுமாறுகிறது" என்றார்.

உற்று நோக்குங்கள். உண்மைதானா என்று அறியாத ஒரு பொட்டலத்திற்கு இருமடங்கு விலை கொடுக்கிறார் ஒரு தாய். உண்மையாய் விளைவித்த நெல்லுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகப் பெறாமல் நிலத்தையே விற்க எண்ணுகிறார் ஓர் உழவர். இருவரும் ஒரே ஆலயத்தில், ஒரே பீடத்தின் முன் முழந்தாளிடுகின்றனர். ஒருவரை ஒருவர் அறியார். அவர்களை அறிந்திருக்க வேண்டிய நானும் இருவரையும் சேர்த்து எண்ணிப் பார்த்ததில்லை.

சான்றிதழ் என்பது என்ன?

அன்று தொடங்கி, வேளாண் அலுவலர்களிடமும் விவரம் அறிந்தோரிடமும் கேட்டு நான் தெரிந்துகொண்டவற்றை முதலில் கூறுகிறேன்.

இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் அரிசிக்குத் தரப்படுவதன்று. அரிசி விளைந்த முறைக்குத் தரப்படுவது. விதை எங்கிருந்து வந்தது, நிலத்தில் இட்டது என்ன, பூச்சி விழுந்தபோது செய்தது என்ன, பக்கத்து வயலில் தெளிக்கும் மருந்து இங்கே படாதவாறு இடைவெளி விடப்பட்டுள்ளதா, அறுத்த நெல் வேறு நெல்லோடு கலக்காமல் வைக்கப்படுகிறதா என்பனவற்றையெல்லாம் ஏட்டில் எழுதிவர வேண்டும். ஆய்வாளர் நேரில் வந்து ஏட்டையும் நிலத்தையும் ஒத்துப் பார்ப்பார். நெல் போன்ற ஒரு பருவப் பயிர்களுக்கு, விதைப்பதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுக்காலம் நிலம் இரசாயனம் தொடாமல் இருந்திருக்க வேண்டும். மா, தென்னை போன்ற நெடுங்காலப் பயிர்களுக்கு, முதல் அறுவடைக்கு முன் மூன்று ஆண்டு. இதனை மாறுதல் காலம் என்பர்.

நம் நாட்டில் இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, மைய அரசின் வணிக அமைச்சகத்தைச் சேர்ந்த 'அபெடா' எனும் ஆணையத்தின் பொறுப்பில், 2001 முதல் நடைபெற்று வரும் தேசிய இயற்கை வேளாண் உற்பத்தித் திட்டம். கடல் கடந்து செல்லும் பொருள்களைக் கருத்திற்கொண்டே இது முதலில் வகுக்கப்பட்டது. இதன்படி சோதித்துச் சான்று தரும் நிறுவனங்கள் பல உண்டு. நம் மாநில அரசே கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு 2007 முதல் அங்ககச் சான்றளிப்புத் துறையை நடத்தி வருகிறது. 'அங்ககம்' என்னும் சொல்லைக் கண்டு மருள வேண்டாம். 'ஆர்கானிக்' என்பதற்கு அரசு வழங்கும் சொல் அது.

இரண்டாவது வழி, மைய வேளாண் அமைச்சகம் 2011-இல் கொண்டுவந்த பங்கேற்பு உறுதியளிப்பு முறை. இதனைச் சுருக்கமாக 'பி.ஜி.எஸ். இந்தியா' என்பர். இதில் வெளியூர் ஆய்வாளர் இல்லை. அருகருகே உள்ள உழவர்கள் குறைந்தது ஐவர் ஒரு குழுவாகச் சேர்ந்து, இரசாயனம் இடுவதில்லை என்று உறுதிமொழி எழுதிக் கையொப்பமிடுகின்றனர். ஒருவர் நிலத்தை மற்றவர்கள் சென்று பார்த்துப் படிவத்தில் பதிகின்றனர். ஒருவர் தவறினால் குழுவின் பெயரே கெடுமாதலால், ஒருவரை ஒருவர் காத்துக்கொள்கின்றனர். மாறுதல் காலத்தில் உள்ளவர்க்கு 'கிரீன்' எனும் இலச்சினையும், அதனைக் கடந்தவர்க்கு 'ஆர்கானிக்' எனும் இலச்சினையும் வழங்கப்படுகின்றன.

இவ்விரண்டில் ஒன்று இருந்தால்தான் கடைப் பொட்டலத்தின்மேல் 'ஆர்கானிக்' என்று எழுதலாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-இல் விதி செய்தது. அவ்விதிகள் 2018 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. அவற்றோடு 'ஜைவிக் பாரத்' என்னும் பச்சை நிற இலச்சினையும் வந்தது. அதனையும் பழைய 'இந்தியா ஆர்கானிக்' இலச்சினையையும் ஒன்றாக்கும் மாற்றம் அண்மையில் அறிவிக்கப்பட்டிருப்பதால், பழையனவும் புதியதும் சில காலம் கடைகளில் கலந்து காணப்படலாம்.

ஆகவே, தாய்மார்களே, பொட்டலம் வாங்கும்போது இலையின் படத்தைப் பார்க்க வேண்டாம்; 'இயற்கை', 'பாரம்பரியம்', 'நஞ்சில்லா' என்னும் சொற்களையும் நம்பிவிட வேண்டாம். இலச்சினை இருக்கிறதா, சான்றளித்த நிறுவனத்தின் பெயரும் எண்ணும் அச்சிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அந்தத் தாய் காட்டிய பொட்டலத்தில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. அவர் கணவர் ஐயுற்றதில் நியாயம் இருந்தது.

தாளும் தவறும்

இலச்சினை இருந்துவிட்டால் எல்லாம் மெய்யாகிவிடுமா? அப்படியும் சொல்வதற்கில்லை. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில், இயற்கைப் பருத்தித் துணிகளுக்குச் சான்று தரும் 'காட்ஸ்' என்னும் உலக அமைப்பு, இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றுகள் காட்டப்பட்டதைக் கண்டுபிடித்தது. 2021 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை, நம் நாட்டுச் சான்றுகளைத் தாமே சோதிக்காமல் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. தாள் பெரிதாகவும் முத்திரை அழகாகவும் இருக்கலாம். அதனை எழுதும் கை தவறினால் முத்திரை என்ன செய்யும்?

இதனால் சான்றிதழே வீண் என்று கூறுவது தவறு. தொலைவில் உள்ளவர் விளைவித்ததைத் தொலைவில் உள்ளவர் உண்ணும்போது, நடுவில் நின்று பேச ஒரு சாட்சி வேண்டும். ஈரோட்டு மஞ்சளை வாங்கும் வெளிநாட்டு வணிகர் கொடுமுடிக்கு வந்து வயலைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாது. அவருக்குத் தாள்தான் சாட்சி. அறியாதவர்களுக்கு இடையே பாலமாகப் பிறந்ததே சான்றிதழ்.

ஆனால் நாம் அறியாதவர்களா? நம் வீட்டு உலைக்கும் அந்தப் பெரியவரின் வயலுக்கும் இடையே உள்ள தொலைவு மிதிவண்டியில் கடக்கும் தொலைவு. இங்கேயும் தாள்தான் பேச வேண்டுமா? மேற்சொன்ன 2017-ஆம் ஆண்டு விதிகளே, விளைவித்த உழவரோ உழவர் அமைப்போ உண்பவர்க்கு நேரே விற்கும்போது சான்று தேவையில்லை என்று விலக்குத் தந்தன. முகம் தெரிந்த இடத்தில் முத்திரை வேண்டாம் என்பதைச் சட்டம் இயற்றியோரும் உணர்ந்திருந்தனர். அவ்விலக்கைப் போலிகளும் பயன்படுத்த முடியும். ஆதலால் 'நேரே' என்ற சொல்லுக்கு உயிர் கொடுக்க வேண்டியவர்கள் நாம். முகம் தெரிய வேண்டுமானால், போய்ப் பார்க்க வேண்டும்.

ஜப்பானியத் தாய்மார்கள் இதனை 1970-களிலேயே செய்து காட்டினர். 'தெய்க்கேய்' என்பது அம்முறையின் பெயர். நகரத்துக் குடும்பங்கள் சில ஒன்றுகூடி, மருந்தில்லாமல் பயிரிடும் உழவர் ஒருவரோடு உடன்பாடு செய்துகொள்ளும். அவர் நிலத்தில் விளைவதை, நிறைந்தாலும் குறைந்தாலும், அக்குடும்பங்கள் ஏற்றுக்கொள்ளும். களையெடுப்புக் காலத்தில் வயலுக்கும் சென்று உதவும். பி.ஜி.எஸ். போன்ற முறைகளை ஆராய்வோர் இதனையும் ஒரு முன்னோடியாகக் கருதுவர்.

நம் தமிழகத்தில் இவ்வழியை ஊர் ஊராக நடந்து பரப்பியவர் கோ. நம்மாழ்வார். தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் 1938-இல் பிறந்தவர். கோவில்பட்டியிலிருந்த அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையப் பணியை 1969-இல் துறந்தார். அதன்பின் அவர் பணியாற்றிய இடம் எது தெரியுமா? நெல்லை மாவட்டத்துக் களக்காட்டில் நடைபெற்ற 'அமைதித் தீவு' என்னும் பணித் திட்டம். அதனை நிறுவியவர் பெல்ஜிய நாட்டுத் தொமினிக்கன் சபைக் குருவாகிய தொமினிக் பீர். 1958-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். கத்தோலிக்கக் குரு ஒருவர் விதைத்த பணியில் நம்மாழ்வார் ஏறக்குறைய பத்தாண்டு உழைத்தார். அவர் 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தார். இயற்கை உழவு என்றாலே நமக்குப் புதிய செய்தி, பிறர்க்கு உரிய செய்தி என்று எண்ணுவோர் இத்தொடர்பை நினைவிற்கொள்வார்களாக. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவ்தாத்தோ சி' மடலும் சிறு உழவரின் பிழைப்பைக் காப்பது பற்றித் தெளிவாகப் பேசுகிறது.

மன்னனும் நேரில் வந்தான்

நம் ஊருக்கென்றே ஒரு வரலாறு உண்டு. சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறும் பூசலார் நாயனார் இவ்வூரினர். சிவனுக்குக் கோயில் கட்டப் பொருள் இல்லாமையால், கல்லும் மரமும் நெஞ்சிலேயே சேர்த்து, நெஞ்சிலேயே கோயில் எழுப்பினார். அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் கற்கோயில் ஒன்றைக் கட்டி முடித்தான். நின்றவூரில் ஓர் அன்பர் எடுத்த கோயிலுக்குள் அதே நாளில் தாம் செல்ல இருப்பதாக இறைவன் மன்னனுக்குக் கனவில் உணர்த்தினார் என்பது வரலாறு. இன்றும் நம் ஊரில் இருதயாலீசுவரர் கோயில் அதனை நினைவூட்டி நிற்கிறது. நம் அயலாரான இந்துப் பெருமக்கள் பெருமையோடு சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அவ்வரலாற்றில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. மன்னன் ஓலை அனுப்பி விசாரிக்கவில்லை. அதிகாரியை அனுப்பி அளந்துவரச் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் உண்மையை அறிய, தானே நின்றவூருக்கு வந்து பூசலாரைத் தேடிக் கண்டான். உழவர் நெஞ்சில் உள்ள நேர்மையும் அதுபோன்றதே. நெல்மணியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது தெரியாது. ஆளைத் தேடிப் போக வேண்டும்.

எனவே நானும் போனேன். ஒரு புதன்கிழமை மாலை, நம் உபதேசியாரை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு, ஏரிக்கரையைக் கடந்து சென்றேன். இருபுறமும் வயலாக இருந்த நிலங்களில் இப்போது வண்ணம் பூசிய மனைக் கற்கள் நடப்பட்டுள்ளன. நம் ஊர் 2021-இல் நகராட்சியாக உயர்ந்தது. ஊர் வளர்வதில் குற்றம் காண இயலாது. நம்மில் பலர் குடியிருக்கும் வீடுகளும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் உழுத நிலந்தான். ஆயினும், மனைக் கற்களுக்கு நடுவே பசுமையாய் நின்ற அந்த இரண்டு ஏக்கரைக் கண்டபோது மனம் கனத்தது.

பெரியவர் தூயமல்லி நெல் சம்பா பயிராக நட்டிருந்தார். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்துப் பூ எடுக்கும் பருவத்தில் மடக்கி உழுததாகச் சொன்னார். வீட்டின் பின்புறம் ஜீவாமிர்தம் கரைத்த பீப்பாய் இருந்தது. வேப்பங்கொட்டை இடித்து ஊறவைத்திருந்தார். வரப்பு ஓரத்து ஈரமண்ணைக் காலால் கிளறிக் காட்டினார், மண்புழு நெளிந்தது. பின்னர் வீட்டிற்குள் சென்று, பேத்தியின் பழைய பள்ளி நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நாளும் தேதியும் போட்டு, நிலத்தில் இட்டவையும் தெளித்தவையும் அதில் எழுதப்பட்டிருந்தன. எழுத்து பேத்தியுடையது, சொல் தாத்தாவுடையது.

ஏட்டைப் புரட்டிக்கொண்டிருக்கையில் அவர் தாமாகவே ஒரு பக்கத்தில் விரல் வைத்தார். "இதை மறைக்கக் கூடாது, சாமி. முந்தின வருடத்துக்கு முந்தின வருடம் புகையான் விழுந்தது. வேப்பெண்ணெய் அடித்தும் நிற்கவில்லை. வீட்டில் கல்யாணக் கடன் இருந்தது. பயந்துபோய் ஒரு தடவை கடை மருந்து அடித்துவிட்டேன். நான்கு வருடம் என்று உங்களிடம் சொன்னது வாய்க்கு வந்த கணக்கு. உண்மையான கணக்கு அந்த நாளிலிருந்துதான்" என்றார்.

கேட்ட எனக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. யாரும் கண்டுபிடித்திருக்க முடியாத ஒன்றை, தமக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும், எழுதியும் வைத்துச் சொல்லியும் விட்டார். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்த பின்னர், மற்றப் பக்கங்கள் அனைத்தையும் நான் நம்பினேன். இதற்கு மேல் எனக்கு எந்த முத்திரை வேண்டும்?

அவர் தம் குற்றத்தைச் சொன்னதும், என் குற்றமும் நினைவுக்கு வந்தது. நம் ஆலயத் திருவிழா அசனத்திற்கு அரிசியும் காய்கறியும் வாங்கியது நான் கையொப்பமிட்ட பட்டியலின்படியே. கோயம்பேட்டிலிருந்து, எது மலிவோ அது என்று மூட்டை மூட்டையாய் வந்தது. நம் பங்கிலேயே விளைவிப்பவர் இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை. அவர் நிலத்தின் வழியே நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு பலமுறை சென்றிருந்தும், வண்டியை நிறுத்தியதில்லை. 'படைப்பைப் பேணுங்கள்' என்று பிரசங்கம் மட்டும் செய்திருக்கிறேன்.

உண்பவரின் உறுதிமொழி

விடைபெறும் வேளையில் பெரியவர் கேட்ட கேள்வியே இம்மடலின் உயிர். "சாமி, மருந்து போட மாட்டேன் என்று நான் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கிறேன். வாங்குவேன் என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? முதல் மாதம் பத்துப் பேர் வருகிறார்கள். மூன்றாம் மாதம் ஒருவரும் இல்லை. விளைந்ததை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?"

உண்மை, அன்றோ? உழவரை மட்டும் கூண்டில் ஏற்றிச் சோதிக்கிறோம். நம்மை யாரும் சோதிப்பதில்லை. கத்தரிக்காயில் சொத்தை கண்டால் முகம் சுளிக்கிறோம். சந்தையில் நான்கு ரூபாய் குறைந்தால் அங்கே ஓடுகிறோம். சான்று உழவர்க்கு மட்டும் போதாது. உண்பவரும் தம் சொல்லுக்குச் சாட்சியாய் நிற்க வேண்டும். தாயின் கேள்விக்கும் உழவரின் கேள்விக்கும் நான் கண்ட ஒரே விடை இதுவே.

இதனால் நாம் கண்மூடி நம்ப வேண்டும் என்பதில்லை. நேரில் சென்று, மரியாதையோடு சில கேள்விகள் கேளுங்கள். எவ்வளவு காலமாக இரசாயனம் இடவில்லை? பூச்சி விழுந்தால் என்ன செய்கிறீர்கள்? விதை ஏது? அடுத்த வயலின் நீர் இங்கே பாய்கிறதா? ஏதேனும் எழுதி வைத்திருக்கிறீர்களா? நேர்மையானவர் இக்கேள்விகளுக்கு மகிழ்வார். 'எனக்குப் பூச்சியே விழாது' என்பவரைவிட, பட்ட பாட்டை ஒளியாமல் சொல்பவரை நம்பலாம். சொத்தைக் கத்தரிக்காய் இயற்கை விளைச்சலுக்கு அடையாளம் என்பதும், பளபளப்பெல்லாம் நஞ்சு என்பதும் வெறும் பேச்சே. எல்லாப் பருவத்திலும் எல்லாக் காய்களையும் தருவதாகச் சொல்லும் ஒரே ஆளிடம் சற்று எச்சரிக்கையாய் இருங்கள். அவர் விளைவிப்பவரா, வாங்கி விற்பவரா என்று கேளுங்கள்.

நம் பக்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. பாக்கத்திலேயே ஜெகன்னாதன் என்பவர் 'நல்ல கீரை' என்னும் பெயரில், பல வகைக் கீரைகளை இயற்கை முறையில் விளைவித்துச் சென்னைக்கு அனுப்பினார். நாளிதழ்களும் அதனைப் பாராட்டி எழுதின. சென்னை அடையாற்றில் தன்னார்வலர்கள் உழவர்களிடம் நேரே வாங்கி இயற்கை விளைபொருள் அங்காடி நடத்தி வருகின்றனர். சென்னையில் இருப்போர் நம் மாவட்டத்துக் கீரையைத் தேடியிருக்க, அதன் அருகிலேயே குடியிருக்கும் நாம் அறியாதிருப்பது முறையா?

அவசரமும் கூடாது. 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. மண்ணும் மனிதரும் பழகுவதற்குக் காலம் தரப்படவில்லை. நெல் விளைச்சல் விழுந்தது. உழவர் தெருவுக்கு வந்தனர். அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஓர் ஆணையால் மண் மாறாது. மாறுதல் காலம் இரண்டு ஆண்டு என்று விதி வைத்தது வீணுக்கன்று. அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறைவு. விலையும் கூடுதலாய்க் கிடைப்பதில்லை. உழவர் தனித்து விடப்படுவதும், நிலத்தை விற்பதும் பெரும்பாலும் அப்போதுதான். அவருக்குத் துணை வேண்டிய காலமும் அதுவே.

கூலி வேலைக்குச் சென்று நாளரிசி வாங்கும் குடும்பங்கள் இதைப் படித்து மனம் வருந்த வேண்டாம். நியாய விலைக் கடை அரிசியை நன்றியோடு உண்பதில் எந்தக் குறையும் இல்லை. காய்கறிகளை ஓடும் நீரில் நன்கு கழுவிச் சமையுங்கள்; கூடுமானால் வீட்டு ஓரத்தில் ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் வையுங்கள். ஆனால் மாதம் இருமுறை உணவகத்திற்குச் செலவிடும் வசதி உள்ள குடும்பங்கள், விலை கட்டவில்லை என்று உழவரிடம் சொல்வதற்கு முன் சற்று எண்ணிப் பார்க்கட்டும்.

இனி நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த ஞாயிறு அந்தத் தாயையும் பெரியவரையும் ஆலய முற்றத்தில் சந்திக்க வைத்தேன். "உங்கள் நெல்லா? நான் உங்கள் பின் வரிசையில்தானே அமர்வேன்!" என்று அவர் வியந்தார். ஒரு புதிய நோட்டு வாங்கினோம். ஆறு மாத காலம், மாதம் இத்தனை கிலோ அரிசி, பேசிய விலைக்கு வாங்குவேன் என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். முதல் கையொப்பம் அத்தாயுடையது. இரண்டாவது, ஏமாந்தாய் என்று ஏசிய அவர் கணவருடையது. இன்று வரை பதினான்கு குடும்பங்கள் எழுதியுள்ளன. பங்கு இல்லத்துச் சமையலுக்கும் அசனத்திற்கும் நானும் எழுதியிருக்கிறேன். மருந்து அடித்த நாளைப் பற்றி எல்லார்க்கும் சொல்லிவிட்டோம். அதைக் கேட்டு ஒருவரும் விலகவில்லை.

பி.ஜி.எஸ். குழு அமைக்க ஐவர் வேண்டும். பெரியவரோடு இப்போது மூவர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் நம் சபையினர் அல்லர், அதனால் என்ன? இன்னும் இருவர் வேண்டும். இதைப் படிக்கும் உழவர் எவரேனும் சுற்றுவட்டாரத்தில் இருப்பின், பங்கு இல்லத்திற்கு வாருங்கள். படிவங்களை நிரப்ப நம் இளைஞர்கள் உதவுவர். தனியே அரசுச் சான்று பெற விரும்புவோர், கட்டணமும் முறையும் பற்றி வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டறியலாம்.

பெரியவர் தரகரின் முன்பணத்தை இன்னும் வாங்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தை அறுவடை முடியட்டும் என்கிறார். அவர் காத்திருப்பது மழைக்காகவும் விலைக்காகவும் மட்டுமன்று; நோட்டில் எழுதிய நாம் சொல்லில் நிற்கிறோமா என்று பார்க்கவும்தான். அவர் எடுக்க வேண்டிய முடிவுக்காக வைத்த பூசையை நான் நிறைவேற்றிவிட்டேன். எஞ்சிய பாதி நம் கையில் இருக்கிறது.

விளைவிப்பவரின் கையையும் உண்பவரின் உலையையும் இறைவன் ஒருசேர ஆசீர்வதிப்பாராக.

அன்புடன்,
உங்கள் பங்குக் குரு